புகார்க் கடிதம் நாவலான கதை

கட்டாயப் பயிர்முறை ஜாவாவின் உழவர்களை என்ன பாடு படுத்தியது என்பதைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். 1830-இல் யொஹான்னெஸ் வான் டென் போஸ் வகுத்த திட்டம் அது. கிராமத்து நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை அரசு கேட்கும் பயிருக்கு ஒதுக்க வேண்டும். நிலம் இல்லாதவர் ஆண்டுக்கு 66 நாள் அரசுக்காக உடலுழைப்புத் தர வேண்டும். இது காகிதத்தில் இருந்த அளவு. களத்தில் யாரும் அளவு பார்க்கவில்லை. விளைச்சலில் டச்சு அதிகாரிக்கும் சதவீதப் பங்கு, உள்ளூர்ப் பிரபுவுக்கும் சதவீதப் பங்கு. எவ்வளவு கறக்கிறார்களோ அவ்வளவு வருமானம். 1840-களில் சிரெபோனிலும், பிறகு டெமாக், குரோபோகன் பகுதிகளிலும் நெல் விளையும் மண்ணிலேயே மக்கள் பட்டினியால் செத்தார்கள். நெதர்லாந்தில் கஜானா நிரம்பியது. 1850-களில் அந்த நாட்டு அரசின் வருவாயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஜாவாவிலிருந்து போனது. பழைய கடன் அடைந்தது, வரிச்சுமை குறைந்தது, ரயில் பாதைகள் போடப்பட்டன.

நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் கோட்டை கட்டி வணிகம் செய்த டச்சுக் கம்பெனி 1799-இல் முடிவுக்கு வந்தபோது, அதன் கடன்களோடு அதன் நிலங்களையும் அரசே எடுத்துக்கொண்டது. அப்படி அரசின் சொத்தானதுதான் ஜாவா. அங்கே நடந்தது ஆம்ஸ்டர்டாமில் யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது. ஆவணங்கள் இருந்தன. பட்டாவியாவில் பாதிரியாராக இருந்து, பிறகு நாடாளுமன்ற உறுப்பினரான வான் ஹூவெல் போன்றவர்கள் பேசிக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தார்கள். ஆனால் அந்தப் பேச்சுகள் அவைக்குறிப்புகளில் தங்கிவிட்டன. காலையில் காபி குடிக்கும் சாதாரண டச்சுக் குடும்பத்தின் வீட்டுக்குள் ஜாவாவின் உழவனைக் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு நாவல். அதை எழுதியவர் எடுவார்ட் டௌவெஸ் டெக்கர். புத்தகத்தின் மேல் அவர் போட்டுக்கொண்ட பெயர் முல்டாட்டூலி. ‘நிறையத் தாங்கியிருக்கிறேன்’ என்று லத்தீனில் பொருள்.

டெக்கர் 1820 மார்ச் 2-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். அப்பா கப்பல் கேப்டன். மகன் லத்தீன் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு ஜவுளி வணிகரிடம் எழுத்தராகச் சேர்ந்தான்; அங்கேயும் நிலைக்கவில்லை. 18 வயதில் அப்பாவின் கப்பலிலேயே ஏறி, 1839 ஜனவரியில் பட்டாவியாவில் இறங்கினான். தணிக்கை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. 1842-இல் சுமத்ராவின் மேற்குக் கரையில் நாதால் என்ற இடத்துக்குப் பொறுப்பு அதிகாரியாக அனுப்பினார்கள். 22 வயதுப் பையனிடம் ஒரு வட்டாரத்தின் நிர்வாகமும் பணப்பெட்டியும் வந்து சேர்ந்தன. கணக்கில் பணம் குறைந்தது. ஆளுநராக இருந்த ஜெனரல் மிஹில்ஸ் அவரை இடைநீக்கம் செய்தார். படாங் நகரத்தில் வருமானம் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தார். குறைந்த தொகையைப் பின்னால் அவரே கட்டினார். இந்தப் பழைய கதையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மேலதிகாரி என்றாலே டெக்கருக்கு உள்ளுக்குள் எழும் கோபமும், தன்மேல் விழுந்த கறையைக் கழுவ வேண்டும் என்ற தவிப்பும் நாதாலிலிருந்தே தொடங்குகின்றன.

1846-இல் எவர்தினா வான் வைன்பெர்கனை மணந்தார். தீனா என்று கூப்பிடுவார். அதன் பிறகு பூர்வொரெஜோ, மெனாடோ, அம்போன் என்று ஊர் ஊராக மாற்றலாகிப் படிப்படியாக மேலே வந்தார். 1852-இல் விடுப்பில் ஐரோப்பா போனவர் மூன்றாண்டுகளில் சூதாட்ட மேசைகளிலும் தாராளச் செலவிலும் பெரும் கடனைச் சேர்த்துக்கொண்டு 1855-இல் திரும்பினார். அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்தவர் டாய்மார் வான் ட்விஸ்ட். மக்கள்மேல் அக்கறை உள்ளவர் என்று டெக்கரைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஒரு சிக்கலான இடத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார். மேற்கு ஜாவாவின் பாந்தென் பகுதியில் லெபாக் மாவட்டம். 1856 ஜனவரிப் பிற்பாதியில், தீனாவையும் சிறு குழந்தையாக இருந்த மகன் எடுவையும் கூட்டிக்கொண்டு, லெபாக்கின் தலைமையூரான ரங்காஸ்பிதுங்குக்கு டெக்கர் வந்து சேர்ந்தார். பதவியின் பெயர் துணை ரெசிடென்ட்.

டச்சுக்காரர்கள் ஜாவாவை ஆண்ட முறை இரட்டை ஏணி மாதிரி. ஓர் ஏணியில் கவர்னர் ஜெனரல், ரெசிடென்ட், துணை ரெசிடென்ட், கொன்ட்ரோலர் என்று ஐரோப்பியர்கள். பக்கத்து ஏணியில் ரீஜென்ட், அவருக்குக் கீழே டெமாங் எனப்படும் வட்டாரத் தலைவர்கள், பிறகு கிராமத் தலைவர்கள் என்று ஜாவாக்காரர்கள். ரீஜென்ட் பழைய பிரபுக் குலத்தவர். மக்கள் அவர் காலடியில் உட்கார்ந்துதான் பேசுவார்கள். துணை ரெசிடென்ட் அவரைத் தம்பியைப் போல நடத்த வேண்டும் என்பது அரசு மொழி. இந்த அண்ணன் தம்பி ஏற்பாட்டின் இரகசியம் எளிமையானது. சில நூறு ஐரோப்பிய அதிகாரிகள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்களை ஆள ரீஜென்ட்டின் செல்வாக்கு தேவைப்பட்டது. அதற்கு விலையாக ரீஜென்ட் தன் மக்களிடம் என்ன எடுத்துக்கொண்டாலும் பார்க்காதது போல இருந்தார்கள். ஆனால் 1854-இன் ஆட்சிச் சட்டம் வேறு விதமாகப் பேசியது. மக்களை எவருடைய அடாவடியிலிருந்தும் காப்பது அதிகாரிகளின் முக்கியக் கடமை என்றது. துணை ரெசிடென்ட் பதவியேற்கும்போது அதற்குச் சத்தியமே செய்துகொடுத்தார். டெக்கர் அந்தச் சத்தியத்தை எழுத்துக்கு எழுத்து நம்பினார்.

லெபாக் வறிய மாவட்டம். காபி, கரும்பு என்று அரசு பணம் பார்க்கும் பயிர் அங்கே பெரிதாக இல்லை. அதனால் ரீஜென்ட் கார்த்தா நாத்தா நாகராவுக்கு வரவேண்டிய சதவீதப் பங்கும் சிறியது. வயதானவர், பெரிய குடும்பம், பிரபு என்ற பெயருக்கேற்ற செலவு. பற்றாக்குறையை மக்களிடமிருந்து ஈடுசெய்துகொண்டார். கூலியில்லாமல் ஆட்களை வேலைக்கு இழுப்பது ஒன்று, எருமைகளை ஓட்டிக்கொண்டு போவது இன்னொன்று. எருமை போனால் உழவு போனது, உழவு போனால் நெல் போனது. மக்கள் பக்கத்து மாவட்டங்களுக்கும், கடல் தாண்டிச் சுமத்ராவின் தெற்குமுனையில் உள்ள லம்போங்குக்கும் தப்பியோடிக்கொண்டிருந்தார்கள். ரீஜென்ட்டின் மருமகனான பாருங்குஜாங் டெமாங்கின் பெயர் இந்தப் புகார்களில் அதிகமாக அடிபட்டது.

டெக்கருக்கு முன் அந்தப் பதவியில் இருந்த கரோலுஸ் 1855 நவம்பரில் இறந்திருந்தார். அவர் விட்டுப்போன தாள்களைப் படித்தபோது, இதே முறைகேடுகளை அவரும் விசாரிக்கத் தொடங்கியிருந்தார் என்பது டெக்கருக்குத் தெரிந்தது. கரோலுஸின் மனைவி இன்னும் அதே வளாகத்தில்தான் இருந்தார். கணவருக்கு நஞ்சு கொடுத்துவிட்டார்கள் என்று அவர் நம்பினார். அதற்கு உறுதியான சான்று எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் சின்னக் குழந்தையோடு அந்த வீட்டில் இரவு தூங்க வேண்டியிருந்த டெக்கரின் மனநிலையை இந்தப் பேச்சு எப்படிக் கலக்கியிருக்கும் என்பதை யோசிக்க வேண்டும். அவருடைய அவசரத்தைக் குறைசொல்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அந்த நேரத்தில் சியாஞ்ஜூர் ரீஜென்ட் பெரும் பரிவாரத்தோடு லெபாக்குக்கு வருவதாக ஏற்பாடு. லெபாக் ரீஜென்ட்டின் உறவினர், பணக்கார மாவட்டத்துக்காரர். அவர் கண்ணில் படும்படி முற்றத்துப் புல்லை வெட்டிச் சுத்தம் செய்யக் கிராமத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்தார்கள். கூலி கிடையாது, சோறு கிடையாது. விருந்துக்கு எருமைகள் வேண்டும் என்று உத்தரவு போனது. இரவில் மக்கள் டெக்கரின் வீட்டுக்கு வந்து புகார் சொன்னார்கள். காலையில் விசாரித்தால் மறுத்தார்கள். ரீஜென்ட் அதே ஊரில் அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கும்வரை எவரும் சாட்சி சொல்ல மாட்டார்கள் என்பது டெக்கருக்குப் புரிந்தது.

பதவிக்கு வந்து ஐந்து வாரம்கூட முடியாத பிப்ரவரி 24-ஆம் தேதி, செராங்கில் இருந்த ரெசிடென்ட் ப்ரெஸ்ட் வான் கெம்பனுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். ரீஜென்ட் தன் மக்களின் உழைப்பைச் சட்டத்துக்குப் புறம்பாக எடுத்துக்கொள்கிறார். பொருளாக வாங்குவதற்குப் பணம் கொடுப்பதில்லை. அவரை உடனே செராங்குக்கு வரவழைத்து அங்கேயே நிறுத்திவைக்க வேண்டும். டெமாங்கைக் காவலில் வைக்க வேண்டும். அதன் பிறகே விசாரணை நடக்க வேண்டும். கடிதத்தின் சாரம் இதுதான். ரெசிடென்ட் பதறிப்போய் ரங்காஸ்பிதுங்குக்கே வந்தார். சாட்சியங்களைக் காட்டுங்கள் என்றார். ரீஜென்ட்டை அகற்றாமல் சாட்சிகளின் பெயரைச் சொன்னால் அவர்கள் உயிருக்கு யார் பொறுப்பு என்று டெக்கர் மறுத்தார். கடிதத்தைத் திரும்பப் பெறவும் மறுத்தார். விஷயம் கவர்னர் ஜெனரலுக்குப் போனது.

டெக்கர் அவரைத்தான் நம்பியிருந்தார். தன்னைத் தேடி எடுத்தவர், தன் பக்கம் நிற்பார் என்று. மார்ச் 23-ஆம் தேதியிட்ட பதில் கண்டித்தது. நடைமுறையை மீறினார், மேலதிகாரியிடம் ஆதாரத்தைக் காட்ட மறுத்தார், எனவே லெபாக்கில் அவர் தொடர முடியாது. கிழக்கே ங்காவிக்கு மாற்றல். நடத்தை சரியாக இருந்தால்தான் மேற்கொண்டு வேலை என்ற எச்சரிக்கையும் சேர்ந்து வந்தது. டெக்கர் மார்ச் 29-இல் வேலையை விட்டு விடுவிக்கும்படி எழுதிக்கொடுத்தார். ஏப்ரல் 4-இல் ஆணை வந்தது. பட்டாவியாவுக்குப் போய் கவர்னர் ஜெனரலை நேரில் பார்க்க முயன்றார். அவரோ பதவிக்காலம் முடிந்து தாய்நாட்டுக்குக் கப்பலேறும் அவசரத்தில் இருந்தார். சந்திப்பு கிடைக்கவில்லை.

டெக்கர் போன பிறகு ஒரு விசாரணை நடந்தது. அவர் சொன்ன முறைகேடுகள் பெருமளவு உண்மை என்று அதுவே காட்டியது. கீழ்நிலைத் தலைவர்கள் சிலர் பதவி இழந்தார்கள், பாருங்குஜாங் டெமாங் உட்பட. ரீஜென்ட் ஒரு கண்டனத்தோடு தன் இடத்திலேயே இருந்தார். சொன்னவர் வெளியே, குற்றம் சாட்டப்பட்ட பெரியவர் உள்ளே. நிர்வாகத்தின் பார்வையில் இது கச்சிதமான முடிவு.

அடுத்த மூன்றாண்டு சிறுமையின் காலம். 1857-இல் டெக்கர் தனியாக ஐரோப்பா திரும்பினார். ஜெர்மனியின் சூதாட்ட விடுதிகளில் அதிர்ஷ்டத்தைத் தேடினார், தோற்றார். ஜாவாவில் மகள் நோன்னியைப் பெற்றெடுத்த தீனா, இரண்டு குழந்தைகளோடு பின்னால் வந்து, கணவரின் அண்ணன் யான் வீட்டில் ஒண்டிக்கொண்டார். டெக்கர் பிரஸ்ஸல்ஸில் ‘ஓ பிரின்ஸ் பெல்ஜ்’ என்ற மலிவான விடுதியில் வாடகை பாக்கியோடு இருந்தார். அங்கே, 1859 செப்டம்பரிலும் அக்டோபரிலுமாக, ஏறக்குறைய ஒரு மாதத்தில் ‘மாக்ஸ் ஹாவெலார்’ நாவலை எழுதி முடித்தார். அக்டோபர் 13-இல் புத்தகம் முடிந்தது என்று தீனாவுக்குக் கடிதம் போட்டார்.

ஒரு மாதத்தில் இப்படியொரு புத்தகம் எப்படிச் சாத்தியமானது? மூன்றாண்டாக அவர் மனத்துக்குள் எழுதிக்கொண்டிருந்தார் என்பது ஒரு பதில். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவர் நாவல் எழுத உட்காரவில்லை. யாரும் வாசிக்காத ஒரு புகார்க் கடிதத்தை, இந்த முறை எல்லோரும் வாசித்தே தீரும்படி மறுபடி எழுத உட்கார்ந்தார். புத்தகத்தின் ஒவ்வொரு உத்தியும் அந்த நோக்கத்திலிருந்து பிறக்கிறது.

முதலில் யாரைப் பேசவிடுகிறார் என்று பாருங்கள். ஹாவெலாரை அல்ல. பட்டாவுஸ் ட்ரோக்ஸ்டொப்பல் என்ற ஆம்ஸ்டர்டாம் காபித் தரகரை. லாரியர் கால்வாய்க் கரையில் 37-ஆம் எண் வீடு. கவிதை பொய் என்பார், கதை வாசிப்பது நேர விரயம் என்பார், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போவார், ஏழையாக இருப்பது ஏழையின் குற்றம் என்பார். ஒருநாள் பழைய பள்ளித் தோழன் ஒருவன் எதிர்ப்படுகிறான். கோட்டு வாங்கக்கூட வசதியில்லாமல் சால்வையைப் போர்த்தியிருப்பதால் தரகர் அவனுக்கு வைத்த பெயர் சால்வைக்காரன். அவன் தன் எழுத்துகளின் பெரிய பொதியை அச்சேற்ற உதவி கேட்டு அனுப்புகிறான். அதில் காபி பற்றிய தாள்கள் இருப்பதைக் கண்டதும் தரகருக்கு ஆர்வம் வருகிறது. தொழிலுக்குப் பயன்படும் புத்தகம் ஒன்று செய்யலாமே என்று, தன் அலுவலகத்தில் இருக்கும் ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் இளைஞனிடம் ஒப்படைக்கிறார். இளைஞன் உணர்ச்சிவசப்படுகிறவன். காபி பற்றி எழுத வேண்டியவன், லெபாக்கில் துணை ரெசிடென்ட்டாக இருந்த மாக்ஸ் ஹாவெலாரின் கதையை எழுதத் தொடங்கிவிடுகிறான். தரகர் நடுநடுவே வந்து எரிச்சலோடு குறுக்கிடுகிறார்.

இதன் விளைவு என்ன? 1860-இல் இந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்த டச்சு வாசகருக்கு முதல் பக்கங்களில் தன் மாமாவோ, பக்கத்து வீட்டுக்காரரோ, தானேயோ பேசுவது கேட்டது. சிரித்திருப்பார். சிரித்தபடியே ஜாவாவுக்குள் நுழைந்துவிடுகிறார். அதன் பிறகு தரகர் குறுக்கிடும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்குகிறது. கொடுமை செய்யும் ரீஜென்ட்டைவிட, எதுவுமே செய்யாத இந்தத் தரகரைத்தான் டெக்கர் ஆழமாக வெறுத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் கணிப்பு சரியும்கூட. லெபாக்கின் எருமையை ஓட்டிப்போகிற கை ஜாவாவில் இருந்தது. அதை ஓட்டிப்போகலாம் என்று விட்டுவைத்த வசதி ஆம்ஸ்டர்டாமில் இருந்தது.

புத்தகத்தின் நடுவே ஒரு தனிக் கதை வருகிறது: சாய்ஜாவும் அதிந்தாவும். பாருங்குஜாங்கைச் சேர்ந்த உழவர் குடும்பத்துப் பையன் சாய்ஜா. அப்பாவின் எருமையை வட்டாரத் தலைவர் எடுத்துக்கொள்கிறார். குடும்பச் சொத்தான கிரிஸ் கத்தியை விற்று அப்பா இன்னோர் எருமை வாங்குகிறார், அதுவும் போகிறது. மீண்டும் வாங்கிய ஒன்று, புலி பாய்ந்தபோது பையனைக் காப்பாற்றிய எருமை. அதையும் ஓட்டிப்போய் அறுக்கிறார்கள். துயரத்தில் அம்மா இறக்கிறாள். நிலவரி கட்ட வழியில்லாத அப்பா ஊரைவிட்டு ஓடி, அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியேறியதற்காக அடிபட்டுச் சாகிறார். சாய்ஜா பட்டாவியாவுக்கு வேலைக்குப் போகிறான். மூன்று வருடம் கழித்து எருமை வாங்கப் பணத்தோடு வருவான், அதிந்தா ஒரு மரத்தடியில் காத்திருக்க வேண்டும் என்பது இருவருக்கும் இடையிலான வாக்கு. சொன்ன நாளில் அவன் வருகிறான். அவள் வரவில்லை. அவள் வீட்டு எருமையும் போய், அந்தக் குடும்பமும் லம்போங்குக்கு ஓடியிருக்கிறது. தேடிக்கொண்டு போகிறான். டச்சுப் படை கிளர்ச்சியாளர்களை அடக்கிவிட்டுப் போன ஊரில் அதிந்தாவின் உடலைப் பார்க்கிறான். அதன் பிறகு சிப்பாய்களின் துப்பாக்கி முனைக் கத்திகளை நோக்கி அவனே ஓடுகிறான்.

இந்தக் கதைக்கு அழாதவர்கள் குறைவு. ஆனால் டெக்கர் வாசகரை அழவிட்டு அங்கேயே நிறுத்தவில்லை. கதை முடிந்ததும் அவர் குரல் மாறுகிறது. சாய்ஜா என்ற பையன் இருந்தானா என்று நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் பாருங்குஜாங் வட்டாரத்தில் மட்டும் ஒரே மாதத்தில் எருமை பறிகொடுத்த 32 பேரின் பெயர்ப் பட்டியல் என்னிடம் இருக்கிறது, 36 எருமைகள், என்கிறார். கற்பனைக் கண்ணீர் காயும் முன்பே பட்டியல் வந்து விழுகிறது. கடைசியில் அந்தப் பழைய பிப்ரவரி 24 கடிதமும், அதற்கு வந்த பதில்களும் நாவலுக்குள் அப்படியே அச்சாகின்றன. புகார்க் கடிதம் கடைசியில் வாசகர்களைக் கண்டடைந்துவிட்டது. முடிவுப் பக்கங்களில் ஆசிரியரே எழுந்து வந்து, ஸ்டெர்னை நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, தரகரை விரட்டிவிட்டு, தன் பெயரால் பேசுகிறார். அந்தப் பேச்சு நெதர்லாந்து அரசர் மூன்றாம் வில்லியமை நோக்கி முடிகிறது. உங்கள் பெயரால்தான் இது நடக்கிறது, இது உங்கள் விருப்பமா என்பதுதான் கேள்வி.

கையெழுத்துப் பிரதி யாகோப் வான் லென்னெப் கையில் போய்ச் சேர்ந்தது. அந்த நாளில் நெதர்லாந்தின் புகழ்பெற்ற நாவலாசிரியர். வழக்கறிஞர், பழமைவாத அரசியல்வாதியும்கூட. படித்து உண்மையாகவே வியந்தார். ஒரு பேச்சுவார்த்தையும் நடந்தது. மறுபக்கத்தில் காலனி அமைச்சர் ரொஹூசன்; அவர் முன்னொரு காலத்தில் ஜாவாவில் கவர்னர் ஜெனரலாக இருந்தவர். புத்தகத்தை வெளியிடாமல் இருக்க டெக்கர் கேட்ட விலை: ஜாவாவில் ரெசிடென்ட் பதவி, பணிக்காலம் மீட்பு, முன்பணம், அரச விருது. வேறெங்காவது வேலை தரலாம், ஜாவாவில் முடியாது என்பது மறுபக்கத்தின் நிலை. பேச்சு முறிந்தது.

இதைப் படிக்கும்போது மனம் சங்கடப்படுகிறது. மக்களுக்காக எழுதிய புத்தகத்தைப் பதவிக்கு விற்கப் பார்த்தாரா? டெக்கரின் எதிரிகள் இன்றுவரை இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர் கேட்ட பட்டியலைக் கவனித்தால், அதன் முதல் வரி தன் செயல் சரி என்று அரசு ஒப்புக்கொள்வதற்குச் சமம். துணை ரெசிடென்ட்டாகத் தண்டிக்கப்பட்டவர் ரெசிடென்ட்டாகத் திரும்பிப் போனால் ஜாவாவின் ஒவ்வொரு ரீஜென்ட்டுக்கும் அதன் அர்த்தம் விளங்கும். கடன்காரர்கள் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்ததும் உண்மை. இரண்டும் ஒரே மனிதருக்குள் இருந்தன. அதை மறைத்துவிட்டு அவரைப் புனிதராக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

1860 ஜனவரியில் 500 கில்டருக்குப் பதிப்புரிமை வான் லென்னெப் பெயருக்கு எழுதிக்கொடுக்கப்பட்டது. டெக்கருக்குச் சட்ட நுணுக்கம் தெரியவில்லை. நண்பர் என்று நம்பிக் கையெழுத்திட்டார். மே மாதம் ஆம்ஸ்டர்டாமில் டெ ரைட்டர் பதிப்பகத்திலிருந்து புத்தகம் இரண்டு தொகுதிகளாக வந்தது. 1300 படிகள், விலை 4 கில்டர். தொழிலாளி ஒருவர் வாங்கக்கூடிய விலை அல்ல. ஏழை எளியவர்கள் கைக்கும் போக வேண்டும், ஜாவாவுக்கும் போக வேண்டும் என்று டெக்கர் கேட்ட மலிவுப் பதிப்பு வரவேயில்லை. பக்கத்தைப் புரட்டியவருக்கு இன்னோர் அதிர்ச்சி. லெபாக் இல்லை, ரங்காஸ்பிதுங் இல்லை, பாருங்குஜாங் இல்லை. ஊர்ப்பெயர்கள் முதலெழுத்துக்குப் பின் புள்ளிகளாகியிருந்தன. ஆண்டுகளின் கடைசி இலக்கம் காணாமல் போயிருந்தது. பெயரும் தேதியும் உள்ள குற்றச்சாட்டு, எங்கோ ஒரு தீவில் எப்போதோ நடந்த கதையாகிவிட்டது. வான் லென்னெப் இதைக் கெட்ட எண்ணத்தோடு செய்தாரா என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். நல்ல இலக்கியம் ஊருக்குள் வரட்டும், கலகம் வரவேண்டாம் என்று அவர் நினைத்தார் என்றே நான் கொள்கிறேன். புத்தகத்தை நேசித்த மனிதரே அதன் பல்லைப் பிடுங்கினார்.

டெக்கர் வழக்குப் போட்டார். 1861-இல் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றத்தில் தோற்றார், மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் தோற்றார். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

புத்தகம் இத்தனையையும் மீறிப் பேசியது. அதே ஆண்டில் இரண்டாம் பதிப்பு வந்தது. நாடு முழுவதையும் ஒரு நடுக்கம் கடந்து போயிருக்கிறது என்று வான் ஹூவெல் நாடாளுமன்றத்தில் சொன்னார். டாய்மார் வான் ட்விஸ்ட் பொதுவில் பதில் சொல்லவில்லை. பத்திரிகைகள் நடையைப் பாராட்டின, சாய்ஜா கதையைப் பாராட்டின, இப்படி டச்சு மொழியை இதுவரை யாரும் எழுதியதில்லை என்றன. அது மிகையல்ல. மேடைப் பேச்சுபோல் சிக்கலாக இருந்த உரைநடையைப் பேச்சின் சூட்டுக்கு இறக்கிக்கொண்டுவந்தவர் அவர். நவீன டச்சு உரைநடை அங்கிருந்து தொடங்குகிறது என்று அந்நாட்டினர் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் டெக்கருக்கு அந்தப் பாராட்டு வேதனையாக இருந்தது. லெபாக்கில் விசாரணை கேட்டேன், அழகாக எழுதுகிறாய் என்கிறீர்களே என்ற ஆத்திரம் அவருடைய பின்னாளைய எழுத்து முழுவதிலும் கேட்கிறது. ‘மாக்ஸ் ஹாவெலார்’ ரசிக்கப்பட்டதே அதிலிருந்து தப்பிக்கும் வழியாகவும் ஆகிவிட்டது என்பதை அவரைவிடத் தெளிவாக யாரும் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டெக்கர் டச்சு ஆட்சி போக வேண்டும் என்று எழுதவில்லை. நீதியாக ஆள வேண்டும் என்றே எழுதினார். அவர் குற்றம் சாட்டிய முதல் ஆள் ஒரு ஜாவாக்காரர் என்பதும் யோசிக்க வேண்டியது. ராப் நியூவன்ஹாய்ஸ் என்ற டச்சு எழுத்தாளர் 1987-இல் எழுதிய நூலில், டெக்கர் ஜாவாவின் மரபுகளைப் புரிந்துகொள்ளாமல் ஐரோப்பிய அளவுகோலை வைத்தார் என்றார். ரீஜென்ட்டுக்கு உழைப்புத் தருவது அங்கே பழைய வழக்கம் என்றார். வழக்கம் என்பது உண்மைதான். ஆனால் அந்த வழக்கத்துக்குக் கட்டுப்பட்டவர்களாகச் சொல்லப்படும் மக்கள்தான் இரவில் வந்து புகார் சொன்னார்கள், அவர்கள்தான் லம்போங்குக்கு ஓடினார்கள். தன் எருமையைப் பறிகொடுத்தவனுக்கு வலிக்கிறதா என்று தெரிந்துகொள்ள எந்த மரபு ஆய்வும் தேவையில்லை. டெக்கரின் பார்வையில் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. ரீஜென்ட்டை அப்படி நடந்துகொள்ள வைத்த சதவீதக் கணக்கையும், அதை நடத்திய அரசையும் சேர்த்து அகற்றாமல் லெபாக்கைச் சரிசெய்ய முடியாது என்ற முடிவுக்கு அவர் கடைசிவரை முழுதாக வரவில்லை.

பயிர்முறை மெல்ல மெல்லக் கலைந்தது. 1860-களில் ஒவ்வொரு பயிராக விடுவித்தார்கள், 1870-இன் நிலச் சட்டம் தனியார் தோட்டங்களுக்குக் கதவைத் திறந்தது. இதில் புத்தகத்தின் பங்கு எவ்வளவு, தனியார் முதலாளிகளின் நெருக்கடி எவ்வளவு என்று பிரித்தளக்க முடியாது. பட்டாவியாவின் அரசுத் தோட்டம் போய் ஆம்ஸ்டர்டாமின் பங்குதாரர் தோட்டம் வந்தது என்பதும் ட்ரோக்ஸ்டொப்பல்களுக்கு நஷ்டமில்லை என்பதும் தெரிகிறது.

டெக்கர் எழுதிக்கொண்டே இருந்தார். ‘ஐடியாக்கள்’ என்ற தலைப்பில் 1862 முதல் 1877 வரை ஏழு தொகுதிகள். கட்டுரை, கதை, சண்டை எல்லாம் கலந்தவை. ஆம்ஸ்டர்டாம் சிறுவன் வாவ்டர் பீட்டர்ஸேயின் கதை அவற்றுக்குள் சிதறிக் கிடக்கிறது. மிமி ஹாமிங்க் ஸ்கெப்பல் என்ற பெண்ணோடு டெக்கர் வாழத் தொடங்கியதில் தீனாவின் வாழ்க்கை உடைந்தது. அவர் குழந்தைகளோடு இத்தாலிக்குப் போய், 1874-இல் வெனிஸில் இறந்தார். நாவலில் ஹாவெலாரின் மனைவியாக வரும் பெண் எவ்வளவு அன்போடு எழுதப்பட்டவள் என்பதை நினைக்கும்போது இது பொறுக்க முடியாததாக இருக்கிறது. மறு ஆண்டு டெக்கர் மிமியை மணந்தார். அதே 1875-இல் ஃபூங்க என்ற பதிப்பாளர் மூலம் ‘மாக்ஸ் ஹாவெலார்’ நான்காம் பதிப்பு வந்தது. ஆசிரியரே திருத்திய முதல் பதிப்பு அது. புள்ளிகள் இருந்த இடங்களில் லெபாக்கும் ரங்காஸ்பிதுங்கும் திரும்பி வந்தன. 15 வருடம் பிடித்தது. ஜெர்மனியில் ரைன் கரையோர இங்கல்ஹைமில் தன் கடைசி ஆண்டுகளைக் கழித்த டெக்கர் 1887 பிப்ரவரி 19-இல் இறந்தார்.

தீனாவுக்கு இடம் கொடுத்த அண்ணன் யானின் பேரன் ஒருவன் 1879-இல் கிழக்கு ஜாவாவின் பசுருவானில் பிறந்திருந்தான். எர்னஸ்ட் டௌவெஸ் டெக்கர். அம்மா வழியில் ஜாவா இரத்தம். சின்னத் தாத்தா நிறுத்திய இடத்திலிருந்து ஒரு கேள்வி மேலே கேட்டவர் இவர்: நீதியாக ஆள்வது இருக்கட்டும், நீங்கள் ஏன் ஆள வேண்டும்? 1912-இல் அவர் தொடங்கிய இண்டீஸ் கட்சியையும், சுகர்னோவோடு அவருக்கு இருந்த உறவையும், ‘மாக்ஸ் ஹாவெலார்’ படித்து வளர்ந்த கார்த்தினி என்ற ஜாவா ரீஜென்ட் மகளின் கடிதங்களையும் அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)